நாக்குச் சாமியும் கசப்புத் தாளும்

இலங்கை மலையகத்து நோர்வூட்டில் அந்த மாதம் நாக்கு இல்லாத மனிதன் யாராவது இருந்திருந்தால், அவன் ஒருவன்தான் நிம்மதியாக இருந்திருப்பான். மற்ற எல்லோரும் நாக்கை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

பொகவந்தலாவையிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். நோட்டன் பிரிட்ஜிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். ஹட்டனில் கடை வைத்திருப்பவர்கள் கடையைச் சாத்திவிட்டு வந்தார்கள். மழை பெய்தது, குடைக்குள் நின்றார்கள். அட்டை ஏறியது, காலைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். சிங்கள அம்மாக்கள் வெள்ளைச் சேலை கட்டி வந்தார்கள். வேதக்கார றோலண்ட் ஜெபமாலையைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு, வேறு யாருக்கோ துணைக்கு வந்த பாவனையில் வந்தார். ஏமாறும் விஷயத்தில் இந்த நாட்டில் இன ஒற்றுமைக்கு ஒரு குறையும் கிடையாது.

எல்லோரும் போய்ச் சேர்ந்த இடம், தோட்டத்து மேல் டிவிஷனில் இருந்த பழைய ஸ்டோர். ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. அது மூடிப் பல வருஷமாயிற்று. மெஷின்களைக் கழற்றி இரும்புக்கு விற்றுவிட்டார்கள். தகரக் கூரை மட்டும் மிச்சம். அந்தக் கூரையின் கீழே, புலித்தோல் அச்சடித்த போர்வையின் மேல், ஸ்ரீலஸ்ரீ நாவறி சித்தர் வீற்றிருந்தார். கொல்லிமலைக் குகையில் தவமிருந்தவர் என்று சீடன் கஜேந்திரன் மைக்கில் முழங்கினான். சனங்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. நாக்குச் சாமி என்று சுருக்கிவிட்டார்கள்.

சாமியின் வித்தை லேசானது. சிவப்புத் துணி முடிச்சிலிருந்து தீக்குச்சி நீளத்துக்கு ஒரு வெள்ளைத் தாள் துண்டை எடுப்பார். கண்ணை மூடி உதட்டை அசைப்பார். தாளை எதிரில் இருப்பவரின் நாக்கில் வைப்பார். "கசக்கிறதா?" என்பார்.

கசந்தால் தொலைந்தது. யாரோ வைத்த செய்வினை உடம்பில் ஏறி, இரத்தத்தில் ஊறி, நாக்கு வரைக்கும் வந்துவிட்டது என்று அர்த்தம். கசக்காவிட்டால் உடம்பு சுத்தம். தட்டில் காணிக்கை போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேருக்கு ஒரே முடிச்சிலிருந்து தாள் கொடுப்பார். ஒருத்தி "தூ! தூ!" என்று முகத்தைக் கோணுவாள். அடுத்தவள் வெறும் கடதாசியை மென்ற ஆடு மாதிரி முழித்துக்கொண்டு நிற்பாள். புருஷனுக்குக் கசக்கும், பெண்சாதிக்குக் கசக்காது. எல்லோருக்கும் கசந்திருந்தால் தாளில் ஏதோ தடவியிருக்கிறது என்று ஒரு கிழவியாவது சொல்லியிருப்பாள். சிலருக்குக் கசக்கவில்லையே! அங்கேதான் சனங்கள் விழுந்தார்கள். கசந்த நாக்குகள் சாமிக்கு வருமானம். கசக்காத நாக்குகள் சாமிக்குச் சாட்சி.

கசந்தவர்களுக்கு அடுத்த சடங்கு, கசப்பெடுப்பு. அதற்கு ஒரு பூசணிக்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம், உயிரோடு ஒரு சேவல். உடம்பில் நகை இருந்தால் அதிலும் கசப்பு ஏறியிருக்கும் என்பதால் அதுவும் பீடத்துக்கு வர வேண்டும். பூசணிக்காய் உடைந்ததும் சாமி இந்தத் தடவை மஞ்சள் துணி முடிச்சை அவிழ்ப்பார். அதிலிருந்து ஒரு தாள். நாக்கில் வைத்தால் துளியும் கசக்காது. "போயிருச்சுங்க சாமி! போயிருச்சு!" என்று சனங்கள் காலில் விழுந்து அழுவார்கள்.

மேல் டிவிஷனில் சேவல் கூவுவது நின்றுபோயிற்று. விடிந்தது தெரியாமல் பெரட்டுக்குப் பிந்தி வருகிறவர்கள் பெருகினார்கள். மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா, வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்தப் பெரட்டுக் களத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். செய்வினை கழிந்த சந்தோஷத்தில் யாருக்கும் அது காதில் விழவில்லை.

அழகுமுத்துவுக்கு மட்டும் சாமியால் நிஜமாகவே நல்ல காலம். அவன் நோர்வூட்டில் ஆட்டோ ஓட்டுகிறவன். காலையில் சாமியையும் இரண்டு முடிச்சுகளையும் டவுன் லாட்ஜிலிருந்து பழைய ஸ்டோருக்கு ஏற்றி வருவதும், பின்னேரம் சேவல்களை டவுனுக்கு இறக்குவதும் அவன் பொறுப்பு. சேவல்கள் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கதவில் இறங்கின. அன்னதானத்துக்கு என்றான் கஜேந்திரன். அந்தக் கடையில் யாருக்கும் கோழிப் புரியாணி தானமாகக் கிடைத்ததை அழகுமுத்து கண்டதில்லை. யோசித்தால் ஏதோ மாதிரி இருந்தது. அதனால் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பது அவனுக்கு அவ்வளவு சிரமமான வேலையும் அல்ல. ஆட்டோவின் பின்கண்ணாடியில் ஒரு நடிகர் இருந்தார். அவரைச் சுரண்டி எடுத்துவிட்டு "நாவறி சித்தர் துணை" என்று ஒட்டிக்கொண்டான்.

அவன் நாக்குக்குத் தாள் கசக்கவில்லை. அவனுடைய அம்மா நாகலெட்சுமிக்கும் கசக்கவில்லை. அன்றிலிருந்து அந்த அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. தண்ணீர்க் குழாயடியில், கொழுந்து நிறுக்கும் இடத்தில், பஸ்ஸில், எங்கே நாலு பேர் கூடினாலும், "எங்க பரம்பரைக்கே கசப்புக் கெடையாது" என்று தொடங்கிவிடுவாள்.

இந்தப் பெருமைதான் கடைசியில் சுலக்ஷனாவின் தலையில் வந்து விடிந்தது.

சுலக்ஷனா கீழ் டிவிஷன் பிள்ளை. நோர்வூட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். அழகுமுத்துவுக்கும் அவளுக்கும் நிச்சயம் முடிந்து, ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு. ஊரே அவளை டீச்சர் என்று கூப்பிடுவதால் இவனும் டீச்சர் என்றே கூப்பிடுவான். அதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்.

"கழுத்துல தாலி ஏறுறதுக்கு முன்ன நாக்குல தாள் ஏறட்டும்" என்றாள் நாகலெட்சுமி.

சுலக்ஷனா முதலில் சிரித்தாள். பிறகு கோபப்பட்டாள். கடைசியில் அவளுடைய அம்மா அழுததால் போனாள். தாள் நாக்கில் பட்டதும் அவள் முகம் சுருங்கியது.

"கசக்கிறதா, மகளே?"

"கசக்குதுங்க." அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

துணைக்கு வந்த அவளுடைய அம்மாவின் நாக்கிலும் ஒரு தாள் வைக்கப்பட்டது. அந்த அம்மா இருமி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாமி இரண்டு கைகளையும் தூக்கினார். மைக் அவர் வாயருகே போனது.

"தாய் வழி! ஏழு தலைமுறைக் கசப்பு! இந்தப் பெண் விளக்கேற்றும் வீடு கருகும்!"

ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர். கீழ் டிவிஷன் வரைக்கும் கேட்டது. அடுத்த போயாவுக்கு, பௌர்ணமி அன்றைக்கு, பெரிய கசப்பெடுப்பு செய்வதாகச் சொல்லி, அந்த அம்மாவின் காதுத் தோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் நாகலெட்சுமி நிச்சயத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் சுலக்ஷனாவின் அம்மா குடத்தை வைத்ததும், முன்னால் ஒரு குடம் அளவுக்கு இடைவெளி விழுந்தது. பின்னாலும் விழுந்தது. பிரசவத்துக்கும் சாவுக்கும் அந்த லயத்து வரிசை வீடுகள் எல்லாம் கூப்பிடுகிற மனுஷி அவள். குடத்தை நிரப்பாமலே திரும்பி வந்து, அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அழகுமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அம்மாவை எதிர்த்து வாயைத் திறக்கவில்லை. இப்படி இரண்டு மூன்று நாள் போனது. ஒரு பின்னேரம் ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்த சுலக்ஷனா, அவனுடைய ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க போகணும் டீச்சர்?"

"பேசாம ஓட்டுங்க."

ஓட்டினான். டவுன் தாண்டி, தேயிலை மலை தொடங்கும் வளைவில் நிறுத்தச் சொன்னாள்.

"ஒங்க நாக்குக்குக் கசப்புத் தெரியல, சரி. முதுகுல எலும்பு ஒண்ணு இருக்கா, இல்ல அதுவும் இல்லையா?"

"நான் என்னா செய்ய? அம்மா சொல்றாங்க..."

"அம்மா சொல்றாங்க, சாமி சொல்றாரு, கஜேந்திரன் சொல்றான். நீங்க எப்பதான் சொல்லப் போறீங்க?"

அவள் கைப்பையிலிருந்து ஒரு சிறிய கடதாசிப் பக்கெட்டை எடுத்தாள். உள்ளே வெள்ளைத் தாள் துண்டுகள். தீக்குச்சி நீளம்.

அழகுமுத்துவுக்கு வியர்த்தது. "சாமி முடிச்ச எடுத்துட்டியா?"

"கண்டியில ஒரு கடையில வாங்கினேன். பள்ளிக்கூடத்து லேப் சாமான் விக்கிற கடை. நான் டீச்சர் டிரெய்னிங்ல இருந்தப்பவே எங்க வகுப்புல எல்லாருக்கும் குடுத்தாங்க. பாதிக்கு மேல தூதூன்னு துப்புச்சிங்க, மத்ததுங்க பேன்னு முழிச்சிச்சிங்க. அந்தத் தாள்ல ஒரு மருந்து தடவியிருக்கு. ஃபீனைல்தயோகார்பமைட்."

"என்னாது?"

"பேரைக் கேட்டாலே பேய் ஓடுற மாதிரி இருக்குல்ல? சாமிக்கு மந்திரம் வேற தேவையில்ல. நாங்க சுருக்கமா பீடிசின்னு சொல்லுவோம். பத்துப் பேர்ல ஏழு பேரு மாதிரிக்கு அது கசக்கும். மிச்சப் பேருக்கு ஒண்ணும் தெரியாது. பொறக்குறப்பவே அப்படி. ஒங்கம்மாவும் அப்பாவும் ஒங்களுக்குக் குடுத்தாங்க, எங்கம்மா எனக்குக் குடுத்தாங்க. சுருட்டை முடி குடுக்குற மாதிரி."

"பொய் சொல்லாத டீச்சர். எனக்கு எல்லாக் கசப்பும் தெரியும்."

சுலக்ஷனா இறங்கிப் போய், பக்கத்துச் செடியில் ஒரு கொழுந்தைக் கிள்ளி வந்தாள். "மெல்லுங்க."

மென்றான். முகம் கோணியது. "கசக்குது."

"அப்ப ஒங்களுக்கும் செய்வினை இருக்கு. எடுங்க சேவலை."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று தெரியாமல் அடக்கிக்கொண்டான்.

"நாக்குல கசப்பப் புடிக்கிற பூட்டு ஒரு வகை இல்ல, இருபதுக்கு மேல இருக்கு" என்றாள் அவள். "ஒவ்வொண்ணுக்கும் வேற வேற சாவி. இந்தத் தாளுக்கு உள்ள பூட்டு ஒங்களுக்கு வேற மாதிரி அமைஞ்சிருக்கு. தேயிலைக்கு உள்ள பூட்டு நல்லாத்தான் இருக்கு."

"சரி, எதுக்கு மனுசனுக்கு இத்தன பூட்டு?"

அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக எதற்கு என்று ஒரு கேள்வி கேட்டான். சுலக்ஷனா அதைக் கவனித்தாள். குரலில் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது.

"இந்தச் செடிய ஒரு பூச்சி திங்க வருதுன்னு வைங்க. செடிக்கு ஓடக் கால் இருக்கா? அடிக்கக் கை இருக்கா? அதனால இலைக்குள்ள கசப்ப வச்சிருக்கு. கொழுந்துலதான் கூட, ஏன்னா கொழுந்துதான் மெதுமெதுன்னு இருக்கு, பூச்சி மொதல்ல அங்கதான் வாய வைக்கும். கசப்புக் கொறைஞ்ச செடியப் பூச்சி தின்னு முடிச்சிச்சி. கசப்புக் கூடுன செடி தப்பிச்சி, வெத போட்டிச்சி. செடி யோசிச்சுச் செய்யல. தப்பினது பெருகிச்சி, அவ்வளவுதான்."

"சரி, மனுசன்?"

"காட்டுல கெடச்சதத் தின்னு பொழச்ச காலத்துல, விஷச் செடிங்க முக்காவாசி கசக்கும். கசப்புத் தெரிஞ்சவன் துப்பினான். தப்பிச்சான். பிள்ள பெத்தான். தெரியாதவன் முழுங்கிட்டுப் போய்ச் சேந்தான். நமக்கு நாக்கு வந்தது அப்படித் துப்பினவங்க கிட்டேருந்துதான். சாமி சொல்ற ஏழு தலமொறச் சாபம் இருக்கே, அது உண்மையில என் பாட்டன் பூட்டனக் காப்பாத்துன காவல்."

அழகுமுத்து வாயில் மிச்சமிருந்த கொழுந்தைத் துப்பினான். பிறகு, கொஞ்சம் மனம் நொந்த குரலில் கேட்டான். "அப்ப எங்க பரம்பரை எப்படித் தப்பிச்சிச்சி?"

"நல்ல கேள்வி. ஒங்க பூட்டு வேற ஏதாவது ஒரு கசப்புக்குப் பொருந்தியிருக்கலாம்னு சொல்றாங்க. இன்னும் ஆராய்ச்சி நடக்குது. தெரியாததத் தெரியாதுன்னு சொல்றதுதான் விஞ்ஞானம். தெரியாததுக்குச் சேவல் கேக்குறது வேற தொழில்." பக்கெட்டை அவன் கையில் வைத்தாள். "நான் சொல்றத நம்பாதீங்க. சாமிகிட்ட கசப்பெடுத்தவங்க தினம் ஒங்க ஆட்டோவுலதான ஏறுறாங்க? நீங்களே பாருங்க. எடுத்த கசப்பு எங்க போச்சின்னு."

மறுநாள் முதல் ஆளாகக் கிடைத்தவர் றோலண்ட். முந்தின நாள்தான் இரகசியமாகச் சேவல் கொடுத்துக் கசப்பை எடுத்துவிட்டு வந்தவர். அழகுமுத்து கண்ணாடியைப் பார்த்தபடி ஒரு தாளைப் பின்னால் நீட்டினான்.

"நாக்குல வச்சிப் பாருங்க அண்ணே."

றோலண்ட் பக்தியோடு வாங்கி நாக்கில் வைத்தார். அடுத்த நொடி ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டித் துப்பினார். "மாதாவே! நேத்துத்தானடா சேவல் குடுத்தேன்! அதுக்குள்ள யாருடா திரும்பவும் வச்சது?"

"யாரும் வைக்கலண்ணே. எடுக்கவே இல்ல போல."

றோலண்ட் வாயைத் துடைத்துக்கொண்டு, இந்த விஷயம் பாதருக்குத் தெரியக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அன்று முழுக்க அழகுமுத்து கசப்பெடுத்தவர்களாகப் பார்த்துத் தாள் நீட்டினான். எல்லோரும் துப்பினார்கள். சாயங்காலம் ஆட்டோவைக் கழுவும்போது கதவோரம் பூராவும் எச்சில். சேவல்கள் மட்டும் திரும்பி வரப்போவதில்லை. அந்தச் சாப்பாட்டுக் கடையின் பின்கதவை நினைத்து அவனுக்குக் காது சுட்டது. எத்தனை பேரை இந்தக் கையால் ஏற்றிக் கொண்டுபோய் விட்டிருப்பான்!

நேராகச் சுலக்ஷனாவின் வீட்டுக்குப் போனான். "இப்பவே போயி மைக்கப் புடிச்சிச் சொல்லிர்றேன்."

"யாரு கேப்பா?" என்றாள் அவள். "நான் சொன்னா, செய்வினதான் பேசுதும்பாங்க. நீங்க சொன்னா, பொண்ணு மேல ஆசயில ஒளர்றான்பாங்க. அவங்க நாக்கே சொல்லட்டும். போயா அன்னைக்கு ரெண்டு முடிச்சையும் நீங்கதான கொண்டு போறீங்க?"

போயா அன்று காலையில், முன்னாலேயே போயிருந்த கஜேந்திரனுக்குப் போனில் கட்டளைகள் போட்டபடி, சாமி வழக்கம்போல் ஆட்டோவில் ஏறினார். பாதி வழியில் நிறுத்தச் சொன்னார். சித்தருக்கும் மூத்திரம் வரும்தானே. அவர் சவுக்கு மரத்துக்குப் பின்னால் மறைந்ததும், அழகுமுத்து பையைத் திறந்து இரண்டு முடிச்சுகளையும் அவிழ்த்தான். விஞ்ஞானம் தலைக்குள் ஏறியிருந்தாலும் பயம் இன்னும் இறங்கவில்லை. விரல் கருகிவிடுமோ என்று ஒருதரம் பார்த்துக்கொண்டான். கருகவில்லை. சிவப்புத் துணித் தாள்கள் மஞ்சளுக்குப் போயின. மஞ்சள் துணித் தாள்கள் சிவப்புக்கு வந்தன.

பழைய ஸ்டோரில் அன்று கால் வைக்க இடமில்லை. கச்சான் கடலை விற்கிறவர்கள், வடைத் தட்டுக்காரர்கள், கூடை கூடையாகச் சேவல்கள். மைக்கைப் பிடித்துச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தவர் தோட்டத்துச் சங்கத் தலைவர் ஆண்டியப்பன். சாமியைத் தோட்டத்துக்குக் கொண்டு வந்தவரே அவர்தான். "எனக்கு இருந்த கசப்பு இன்னைக்கு எங்க? சாமி தொட்டாரு, போச்சி!" என்று தினமும் சொல்வதை இன்றும் சொன்னார்.

சாமி சிவப்பு முடிச்சை அவிழ்த்தார். முதலில் பொகவந்தலாவையிலிருந்து வந்த ஓர் அம்மா.

"கசக்கிறதா?"

"இல்லைங்க சாமி."

அடுத்தவர். "இல்லைங்க." அதற்கடுத்தவர். "ஒண்ணும் தெரியலைங்க." ஒரு குடும்பமே வந்து நாக்கை நீட்டியது, ஒருவருக்கும் கசக்கவில்லை. கூட்டம் ஆரவாரம் செய்தது. சாமிக்கு இன்று அருள் கூடிவிட்டதாம்! சாமிக்கு மட்டும் அந்த அருள் பிடிக்கவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்வைக்கு எல்லாத் தாளும் ஒன்றுதான். வரிசை நகர நகர, சுத்தமான உடம்புகள் தங்கள் சேவல்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பின. கஜேந்திரனின் முகம் கறுத்தது.

"பௌர்ணமியின் சக்தி!" என்று சமாளித்தார் சாமி. "முன்பே கசப்புக் கண்டவர்கள் வரட்டும்!"

சுலக்ஷனாவின் அம்மாவை உட்கார வைத்தார்கள். பூசணிக்காய் உடைந்தது. கற்பூரம் எரிந்தது. சாமி மஞ்சள் முடிச்சிலிருந்து தாளை எடுத்து அந்த அம்மாவின் நாக்கில் வைத்தார். அந்த அம்மாவுக்குக் குமட்டியது.

"கசக்குதுங்க சாமி... போன தடவ மாதிரியே கசக்குதுங்க."

கூட்டம் அடங்கிப்போயிற்று. நாகலெட்சுமி மார்பில் கைவைத்தாள். சாமி மறுகணமே சமாளித்துக்கொண்டார். "சொன்னேனே, ஏழு தலைமுறை! இது லேசில் போகாது! இந்தக் குடும்பத்தை யாரும் அண்டாதீர்கள்!"

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்க்க அழகுமுத்துவுக்குத் தாங்கவில்லை. ஆனால் அவன் வாயைத் திறப்பதற்குள் ஆண்டியப்பன் முந்திக்கொண்டார். சாமியின் பெருமைக்குக் குறை வரலாமா?

"சாமி, சனங்க சந்தேகப்படக்கூடாது. நான் கசப்பு எடுத்த ஆளு. எனக்கு அதே முடிச்சிலேருந்து ஒண்ணு குடுங்க. எல்லாரும் பாக்கட்டும்!"

சாமி கொடுத்தார். ஆண்டியப்பன் ஒரு கையில் மைக்கைப் பிடித்தபடி, மறுகையால் தாளை நாக்கின் நடுவில் வைத்தார்.

"தூஊ!"

அந்தத் தூ ஸ்பீக்கரில் ஏறி, தகரக் கூரையில் மோதி, எதிர் மலைக்குப் போய்த் திரும்பி வந்தது. மைக் கீழே விழுந்தது. அதை எடுத்தவள் சுலக்ஷனா.

"கேளுங்க. இன்னைக்கு ரெண்டு முடிச்சிலயும் உள்ள தாள் எடம் மாறியிருக்கு. செவப்புல இருந்த மருந்து தடவுன தாள் மஞ்சளுக்குப் போயிருச்சி, மஞ்சள்ல இருந்த வெறுந் தாள் செவப்புக்கு வந்துருச்சி. அதனாலதான் புதுசா வந்த ஒருத்தருக்கும் செய்வின இல்ல, கசப்பெடுத்த தலைவருக்குச் செய்வின இருக்கு. செய்வின தாள்லதான் இருக்கு, ஆள்ல இல்ல."

சாமி எழுந்தார். கோபத்தில் கொல்லிமலை மறந்து, கொழும்புத் தமிழ் வந்தது. "யாருடா என் முடிச்சத் தொட்டது? தொட்டவன் கை கருகிப் போகும்!"

அழகுமுத்துவுக்குக் கால் தானாக நகர்ந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து, இரண்டு கைகளையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்தினான்.

"நான்தாங்க தொட்டேன். காலையிலேயே தொட்டேன். கை நல்லாத்தான் இருக்கு."

"அழகு!" என்றாள் நாகலெட்சுமி. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"சாமி, ஒரு சந்தேகம்" என்றாள் சுலக்ஷனா. "ரெண்டுமே ஒரே மந்திரத் தாள்னா, மாத்தினா ஒங்களுக்கு எதுக்குக் கோவம் வருது?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. இவ்வளவு காலமும் நாக்கை மட்டும் நீட்டியவர்கள் இப்போது கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"நாத்திகப் பேச்சு!" என்றார் சாமி.

"சரி, பேச்ச விடுங்க. சித்தர் ஒடம்புல செய்வின அண்டாதுல்ல? நாக்க நீட்டுங்க."

"சித்தனுக்குச் சோதனையா?"

"நாக்க நீட்டுங்க சாமி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். றோலண்டின் குரல் மாதிரி இருந்தது. அதோடு இன்னொன்று. அதோடு நூறு. எத்தனையோ பேரை நாக்கை நீட்டச் சொன்னவர், வேறு வழியில்லாமல் நீட்டினார். சுலக்ஷனா மஞ்சள் முடிச்சிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தாள்.

சித்தர் அசையாமல் நின்றார். அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். முதலில் புருவம் துடித்தது. பிறகு மூக்கு சுருங்கியது. பிறகு தாடி முழுவதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது. கடைசியில் புலித்தோல் போர்வையின் மேலேயே துப்பிவிட்டார்.

"அடேய், சாமிக்கே செய்வின வச்சிட்டாங்கடா!" என்று யாரோ கத்த, ஸ்டோர் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. தண்ணீர்க் குழாயடியில் குடத்தைத் தள்ளி வைத்த பெண்களும் சிரித்தார்கள். பிறகு சுலக்ஷனாவின் அம்மாவைப் பார்த்துவிட்டு, சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். சிரிப்பின் மறைவில் கஜேந்திரன் நகைப் பையோடு பின்பக்கம் நழுவினான். கொழுந்துக் கூடை தூக்கி உரமேறிய பெண்களின் கையில் அகப்பட்டான். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். போலீஸ் வந்தபோது அவனே ஓடிப்போய் ஜீப்பில் ஏறிக்கொண்டான் என்பது போதும்.

அடையாள அட்டையில் சித்தரின் பெயர் பிரதாப். கொல்லிமலைக்கு அவர் போனதே இல்லை. கொழும்பில் லேப் சாமான் விற்கும் ஒரு கடையில் வேலை பார்த்தவர். மற்றவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்ற தாளை, அவர் பெரியவர்களுக்கு விற்கலாம் என்று கண்டுபிடித்தார். பிள்ளைகளிடம் அவருடைய வியாபாரம் எடுபட்டிருக்காது. அதுகள் கேள்வி கேட்கும்.

சுலக்ஷனாவின் அம்மாவின் தோடு பையிலிருந்து வந்தது. மறுநாள் குழாயடியில் அந்த அம்மாவுக்கு எல்லோரும் முதல் இடம் கொடுத்தார்கள். அவள் தன் முறை வரும் வரைக்கும் நின்றுதான் பிடித்தாள். அன்றும் அதற்கடுத்த நாளும் யாரோடும் பேசவில்லை. அந்த மௌனத்துக்கு முன்னால் நிற்க முடியாமல் பல பேர் குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தக் கிழமை முடிவதற்குள் நாகலெட்சுமி மகனைக் கூட்டிக்கொண்டு கீழ் டிவிஷனுக்கு வந்தாள். தட்டில் பழமும் வெற்றிலையும் இருந்தன. முகத்தில் பழைய பரம்பரைப் பெருமை இல்லை.

"புள்ள, நடந்தத மறந்துரு. ஆவணியிலயே வச்சிருவோம்."

"மறக்க முடியாதுங்க அத்தை. எங்கம்மா அழுத அழுகய நான்தான பாத்தேன்." சுலக்ஷனா பிளேன்டீயை நீட்டினாள். "ஆவணி வேணாம். தையில பாப்போம். அது வரைக்கும் ஒங்க மகன் ஒங்களக் கேக்காம நாலு முடிவு எடுத்துப் பழகட்டும்."

நாகலெட்சுமி மகனைப் பார்த்தாள். அழகுமுத்து அம்மாவைப் பார்க்கவில்லை. "தை நல்லதுதான் டீச்சர்" என்றான். முதல் முடிவு.

"ஆனா ஒண்ணு புள்ள" என்று இழுத்தாள் நாகலெட்சுமி. "ஒனக்கு அந்தக் கசப்புத் தெரியும், இவனுக்குத் தெரியாது. பின்னால பிரச்சன ஒண்ணும் வராதே?"

"வரும் அத்தை. கோவா இலயிலயும் அந்தக் கசப்புக் கொஞ்சம் இருக்கு, கறி வச்சா எனக்குக் கசக்கும். அவரு எல்லாத்தையும் சாப்பிட்டுருவாரு."

நாக்குச் சாமி இப்போது விளக்கமறியல் சிறையில் இருக்கிறார். பழைய ஸ்டோர் காலியாகக் கிடக்கிறது. ஆண்டியப்பன் மட்டும் ஹட்டன் பக்கத்தில் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தே குறை சொல்கிற ஒருவர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, மெதுவாக விசாரித்துக்கொண்டிருக்கிறாராம்.

காட்டில் திரிந்த நம் பாட்டன் பூட்டன், எதைத் துப்புவது எதை விழுங்குவது என்று பார்த்துப் பார்த்துத்தான் நம்மை இந்த மலை வரைக்கும் கொண்டு வந்து சேர்த்தார்கள். அவர்கள் படித்தவர்கள் அல்ல. ஆனால் கண்டதையும் விழுங்கியவர்கள் அல்ல. நாக்குக்குக் கொஞ்சம் மேலே அவர்கள் நமக்கு விட்டுப் போன இன்னொரு சாமான் இருக்கிறது. அதை இடைக்கிடை பாவியுங்கள், ஐயா. பாவிக்காத தலையை அடுத்த சாமி வந்து பாவித்துக்கொள்வான்.